பன்றிக்கறி படாத தோங்

மலேசியாவின் உலு திராமில் எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் கிடைத்த நீளத் துண்டு நிலத்தில் மற்றவர்கள் கார் நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் பூச்செடி வைப்பார்கள். நான் தோங் வைத்திருக்கிறேன். தோங் என்றால் எண்ணெய் வருமே, அந்தப் பெரிய இரும்புப் பீப்பாய். அதைப் படுக்கவைத்து, நீளவாக்கில் அறுத்து, கீல் போட்டு, கால் பொருத்தி, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பாக மாற்றியிருக்கிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வட்டாரத்தில் இதைப்போல இன்னொன்று கிடையாது.

முதலில் கடையில் வாங்கத்தான் ஜொகூர் பாருவுக்குப் போனேன். பளபளவென்று கேஸ் அடுப்புகள் வரிசையாக நின்றன. விற்பனையாளர் ஒன்றின் மூடியைத் திறந்து காட்டினார். நான் தொட்டதும் தகரம் நெளிந்தது. தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் வருடக்கணக்காக இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன் நான். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இதுல புகை எங்கங்க நிக்கும்?" என்று கேட்டேன். அவர் அடுத்த மாடலைத் திறந்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சமையல் எண்ணெய் வந்த தோங் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ரசாயனம் வந்தது என்றால் எத்தனை தேய்த்தாலும் ஆகாது. உள்ளே விறகை அடுக்கி அரை நாள் எரித்து, பெயிண்ட் முழுவதும் உரிந்த பிறகு கம்பி பிரஷ் போட்டேன். ஒரு முனையில் காற்று போக ஓட்டை, மறு முனையில் புகைபோக்கி. முதலில் புகைபோக்கியை மூடியின் உச்சியில் வைத்துத் தொலைத்தேன். புகை கறியைத் தொடாமலே மேலே ஓடியது. கழற்றி, கறி வைக்கும் கம்பி வலையின் மட்டத்துக்கு இறக்கினேன். பிறகுதான் வழிக்கு வந்தது.

முதல் சமையல் மட்டும் மானத்தை வாங்கிவிட்டது. புதுக் காருக்குச் செய்வதுபோல மனைவி தோங்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினாள். அதுவரை நல்லதுதான். கரி பற்றாமல் போக்குக் காட்டியபோது, அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கி நாலைந்து கற்பூரத்தை நான் கரிக்கு நடுவே போட்டேன். நெருப்பு குப்பென்று பிடித்தது. உடனே கறியை ஏற்றி மூடியைச் சாத்தினேன். ஐந்து மணி நேரம் கழித்து வெளியே வந்த ஆட்டுத்தொடை கோயில் கருவறை மாதிரி மணத்தது.

"கன்னத்துல போட்டுக்கிட்டு சாப்பிடணுமா, இல்ல அப்படியே சாப்பிடலாமா?" என்று மனைவி கேட்டாள்.

அதன்பிறகு கற்பூரம் சாமிக்கு மட்டும்தான். பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தின் கரியில் நெருப்பு, காய்ந்த ரம்புத்தான் கட்டையில் புகை, மசாலாவைத் தீய்ந்துபோகாதபடி கடைசி ஒரு மணி நேரத்தில் பூசுவது என்று ஒவ்வொன்றாகக் கைவந்தது. வாசனை வேலியைத் தாண்ட ஆரம்பித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா. மக்சிக், அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவோம். எங்களுக்குள் பேச்செல்லாம் மலாயில்தான். ஒரு நாள் வேலியோரமாக வந்து நின்று தோங்கையே பார்த்தார். கேட்கக் கூச்சப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"மக்சிக், இதுல பன்றி ஏறாது. ஆடும் கோழியும் முஸ்லிம் கடையிலதான் வாங்குறேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் இதுல பன்றி ஏறாது" என்றேன்.

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். ஆனால் அவர் உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அன்றிலிருந்து புகை போட்டால் ஒரு தட்டு அந்தப் பக்கம் போகும். பெருநாளுக்கு அவர் எங்களுக்கென்று மாடு படாத தனிச் சட்டியில், தேங்காய்ப்பால் வற்ற வேகவைத்த கோழி ரெண்டாங் செய்து அனுப்புவார். அவர் வாக்கு அந்தச் சட்டி, என் வாக்கு இந்தத் தோங்.

போன வருடம் மக்சிக்கின் கடைசி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாற என் தோங் கறிதான் வேண்டும், கறியை அவரே வாங்கித் தந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றார். தெருவில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் நான் இதைச் சொல்லிவிட்டேன். வாக்கைப் பற்றியும் சொன்னேன். சொந்த அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்தார். புதன்கிழமை நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் வீடு திரும்பினால் தோங் புகைந்துகொண்டிருந்தது. அண்ணன் சிரித்த முகமாக மூடியைத் திறந்தார்.

"காட்டுப்பன்றிடா! வேட்டைக்குப் போற கூட்டாளி குடுத்தான். நீ வர்றதுக்குள்ள போட்டுடலாம்னு பாத்தேன்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமும் விழுந்துவிட்டது. ஆனாலும், "அலமாக், சோப்பு போட்டுக் கழுவிட்டா போச்சுடா. அவங்களுக்குத் தெரியவா போவுது?" என்றார்.

கத்திவிட்டேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. கத்தி முடித்து உட்கார்ந்தபோது அவர் சொன்னதே எனக்குள் ஓட ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாருக்கும் தெரியாதுதான். மூன்றே நாள்தான் இருக்கிறது. சொன்னால் இனி அந்தத் தட்டு வேலியைத் தாண்டாது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனேன்.

மக்சிக் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தோங்ல பன்றி ஏறிடுச்சு, மக்சிக். எங்க அண்ணன் தெரியாம செஞ்சிட்டாரு. நான் அவர்கிட்ட சொல்லி வைக்கல, தப்பு என்னோடது."

அவர் குழாயை மூடினார். பார்வை என் வீட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"ஞாயித்துக்கிழம எத்தன மணிக்குக் கறி தயாராவும்?" என்று கேட்டார்.

"பதினோரு மணிக்கு" என்றேன். கையில் பன்றி படாத தோங்கே இல்லை.

மறுநாள் லீவு போட்டேன். தோங் தேடி அலைந்ததில் பாதி நாள் போனது. கிடைத்ததை அன்றே அறுத்தேன். அண்ணன் ஊருக்குத் திரும்பாமல் வெல்டிங்குக்குப் பிடித்துக்கொடுத்தார், அடுத்த நாள் விறகு போட்டு எரித்தார். வலை, கீல், இடுக்கி, கத்தி எல்லாமே புதிது. பழைய தோங்கை அவர் வண்டியிலேயே ஏற்றி, "இது ஒங்களுக்குத்தான், என்ன வேணும்னாலும் போடுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கறி மேசைக்குப் போனது. நான் மக்சிக் வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் ஓரமாக நின்றேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பள்ளிவாசலில் பாடம் சொல்லிக்கொடுப்பவராம், கறித்துண்டைக் கையில் எடுத்தவர் வாயில் வைக்காமல் கேட்டார்.

"இது எங்க சமைச்சது?"

மக்சிக் என்னைக் காட்டினார். "இவர் வீட்ல."

"நீங்க கூட இருந்து பாத்தீங்களா?"

"பாக்கல. அந்த வீட்ல தப்பு நடந்தா அவரே வந்து சொல்லிடுவாரு. சாப்பிடுங்க."

பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாப்பிட்டார்.