வெல்லைத் தரவையில் ஒரு குதிரைக்குட்டி

ஆவணி மாதத்துச் சோளகக் காற்று விடியும்போதே எழும்பியிருந்தது. நாரந்தனையில் எங்கள் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு நானும் மச்சாள் கலாவும் ஓட்டோவில் ஏறியபோது ஆறு மணி. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் நெடுந்தீவு போவது எங்கள் திட்டம். அங்கே காட்டுக் குதிரைகள் நிற்கின்றன. அவற்றைப் படம் பிடிக்க வேண்டும் என்பது கலாவின் ஆசை.

கலா என் கணவரின் ஒரே தங்கை. கனடாவில் குடியேறி முப்பது வருடமாகிறது. என் கணவரின் ஆட்டைத் திவசத்துக்காக வந்திருந்தாள். போன வருடம் அவர் இறந்தபோது அவளால் வர முடியவில்லை. அவளுக்கு அந்த மாதம்தான் நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அதை நான் மனதில் வைத்திருக்கவில்லை. அவள் வைத்திருந்தாள். திவசம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இருவரும் தேத்தண்ணியையும் வெயிலையும் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. அவரைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

நாலாம் நாள் குசினி வாசலில் வந்து நின்று, "மச்சாள், நெடுந்தீவிலை குதிரை நிக்குதாமே, நீங்கள் பாத்திருக்கிறீங்களோ?" என்றாள்.

"இல்லை. நயினாதீவுக்கு வருசா வருசம் போறனான். நெடுந்தீவுக்கு ஒருக்காலும் போகேல்லை."

"அப்ப போவமே."

என் இரண்டு பசுக்களையும் அடுத்த வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். அவ்வளவுதான் ஆயத்தம்.

குறிகட்டுவானில் இரண்டு வரிசை. நீளமான வரிசை நயினாதீவுக்கு: நாகபூசணி அம்மனிடம் போகும் எங்கள் சனமும், விகாரைக்குப் போகும் வெள்ளை உடுப்புச் சிங்களக் குடும்பங்களும். நெடுந்தீவு வரிசையில் யாத்திரிகர் எவரும் இல்லை. காஸ் சிலிண்டர், சீமெந்து மூட்டை, வெங்காயச் சாக்கு, கூடைக்குள் கோழிகள், அவற்றுக்கிடையில் நாங்கள். வள்ளம் எட்டரைக்குப் புறப்பட்டது. ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் பக்கவாட்டில் அடித்ததால் வள்ளம் நன்றாகவே ஆடியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவனத்தைத் திருப்புவதற்காகவோ என்னவோ, கலா தன் கமராவைத் திறந்து படங்களைக் காட்டத் தொடங்கினாள்.

கனடாவில் அவள் வீட்டிலிருந்து சில மணித்தியால ஓட்டத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதாம். விடுமுறை என்றால் அங்கேதான். ஒரு படத்தில் பெரிய கரடி ஒன்று பின்னங்காலில் குந்தியிருந்து, எங்கள் ஊர் ஆச்சிமார் வெற்றிலை கிள்ளுவதுபோல, செடியிலிருந்து பழம் கிள்ளித் தின்றது. இன்னொன்றில் ஒரு மந்தை காட்டெருமை. தலையிலும் தோளிலும் மட்டும் சடை, பின்பக்கம் மொட்டை. மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

"கிட்டப் போய் எடுத்தனீரோ?" என்று கேட்டேன்.

"ஐயோ இல்லை. கரடி எண்டால் நூறு மீற்றர் தள்ளி நிக்க வேணும். எருமைக்கு முப்பது. காருக்குள்ளை இருந்து எடுத்தது."

அடுத்த படத்தில் அவள் விரல் நின்றது. ஆற்றங்கரையில் ஒரு எருமைக்கன்று. மந்தை மறுகரையில் ஏறிவிட்டது. கன்றால் நீரோட்டத்தைக் கடக்க முடியவில்லை. தலையை உயர்த்திக் கத்துகிறது. நல்ல படம். அந்தக் கத்தல் கேட்பதுபோல இருந்தது.

"பிறகு?"

"பிறகு எண்டா... நாங்கள் தொடக் கூடாது மச்சாள். காட்டிலை நடக்கிறதைக் காடு பாத்துக்கொள்ளும் எண்டுதான் அங்கை சட்டம். அதுவும் சரிதான். அரை நாள் நிண்டு படம் எடுத்தன். அடுத்த நாள் போய்ப் பாக்கேக்கை அது இல்லை." கமராவை மூடினாள். "எல்லாரும் நல்லா இருக்கெண்டு சொன்ன படம் உதுதான்."

நெடுந்தீவு இறங்குதுறையில் அருளப்பு அண்ணை ஓட்டோவோடு நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர். காற்றுக் காலத்தில் கடலுக்குப் போகாமல் ஓட்டோ ஓட்டுகிறவர். கண்ணாடியில் மாதா படம். தீவு முழுக்கச் சுற்றிக் காட்ட ஐயாயிரம் ரூபா என்று பேச்சு. கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் என்று அவர் அடுக்கத் தொடங்க, கலா மறித்தாள்.

"குதிரை மட்டும் பாத்தாப் போதும் அண்ணை."

"குதிரை எங்கை ஓடப் போகுது? நான் காட்டுறன், வாங்கோ," என்றார்.

பவளப்பாறையான முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகளுக்கு நடுவே ஓட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது. சுண்ணாம்போ சீமெந்தோ இல்லாத அந்த வேலிகளுக்குள் காற்று புகுந்து மெல்ல விசிலடித்தது. பனைகள் குறைந்து, வெல்லை என்னும் இடத்துக்கு வந்ததும் வேலியும் இல்லை. கடல் வரைக்கும் வெறும் தரவை, மரமில்லாத மேய்ச்சல் வெளி. மாரியில் இங்கே பச்சைப் புல் விரிந்திருக்குமாம். நாங்கள் போனபோது முழுவதும் காய்ந்து தவிட்டு நிறத்தில் கிடந்தது.

குதிரை இல்லை. சாணம் இருந்தது, குளம்படி இருந்தது. அருளப்பு அண்ணை கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "நேற்று இஞ்சைதான் நிண்டவை," என்றார், குதிரைகள் தன்னிடம் சொல்லாமல் போய்விட்ட மாதிரி. இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்கும் இல்லை. மூன்றாவது இடத்தில் இரண்டு மாடுகள் நின்றன. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அவள் வந்த நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பத்தரை மணியளவில் அவர்தான் முதலில் கண்டார். "அங்கை பாருங்கோ!"

வெயிலில் தரை நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் பதினைந்து இருபது குதிரைகள். நான் நினைத்ததைவிடச் சின்னவை. மண் நிறம், கறுப்பு, நெற்றியில் வெள்ளை விழுந்தவை. விலா எலும்பு தெரிந்தது. ஆனாலும் பிடரிமயிரைக் காற்று ஒரே பக்கமாகத் தூக்கிப் பிடிக்க, அவை நின்ற நிலையில் ஒரு பெருமிதம் இருந்தது. கலா நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டாள். நெஞ்சில் வெட்டுத் தழும்பு உள்ளவள் என்பதை மறந்து, முழங்கையால் ஊர்ந்து ஊர்ந்து எடுத்தாள். எனக்கும் கமராவைத் தந்தாள். கண்ணாடிக்குள் ஒரு குதிரையின் கண் இமை வரைக்கும் தெரிந்தது. இமையில் ஒரு இலையான் சிறகை மடித்து இருந்தது. அதுவரை நான் எந்த மிருகத்தையும் அதிலிருந்து பால் கறக்காமல் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மந்தை மெதுவாக மேற்கே நகர்ந்தது. ஒரு பெண்குதிரை மட்டும் நகரவில்லை. முன்னே நாலு அடி வைப்பதும், திரும்பி வருவதும், கனைப்பதுமாக நின்றது. என் பசுக்களோடு பழகிய எனக்கு அந்த நடை தெரியும்.

"கலா, குட்டி எங்கையோ மாட்டுப்பட்டிட்டுது," என்றேன்.

வற்றிப்போன ஒரு குளத்தின் நடுவில் கண்டோம். மேலே காய்ந்து வெடித்த பொருக்கு, கீழே களிச்சேறு. தண்ணீர் தேடி இறங்கிய குட்டி வயிறு வரைக்கும் புதைந்திருந்தது. கத்தும் பலமும் போய், கழுத்தைச் சேற்றின் மேல் நீட்டி வைத்திருந்தது. மூக்கு மட்டும் விரிந்து விரிந்து சுருங்கியது.

கலாவின் கை பழக்கத்தில் கமராவைத் தூக்கியது. பாதியில் நின்றது.

"தொடக் கூடாது. மனுச வாடை பட்டால் தாய் விட்டிடும்," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அருளப்பு அண்ணையும் தயங்கினார். "இதுவும் இப்ப பாதுகாக்கிற மிருகமெல்லே. கை வைச்சுச் செத்துப் போச்செண்டால் என்னைத்தான் கேப்பினம்." குதிரைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசரை ஓட்டுகிறவர் அவருடைய மைத்துனர். அவருக்குத் தொலைபேசி எடுத்தார். பவுசர் தீவின் மற்ற முனையில் நின்றது. "வாறன், ஆனால் அதுவரைக்கும் தாங்காது. ஏலுமெண்டால் நீங்களே மெல்லமா எடுத்துவிடுங்கோ," என்று பதில் வந்தது.

நான் செருப்பைக் கழற்றினேன். "மாட்டுக்கண்டை எடுத்திருக்கிறன். இதுவும் நாலு கால்தானே. கயிறு இருக்கோ அண்ணை?"

இருந்தது. வள்ளம் கட்டும் தடித்த கயிறு. கழுத்தில் கட்டினால் முறிந்துவிடும் என்பதால் முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். அதற்கு ஒருவர் சேற்றுக்குள் இறங்கிக் கையை அடியில் விட வேண்டும். நான் இறங்கியதும் முழங்கால் வரை புதைந்தேன். அருளப்பு அண்ணை தூரத்துப் பனையடியில் காய்ந்து கிடந்த காவோலைகளை இழுத்து வந்து சேற்றின் மேல் பரப்பினார். கயிறு தோலை அறுக்காமலிருக்க ஏதாவது சுற்ற வேண்டும் என்றேன்.

பின்னால் சேறு சளசளத்தது. திரும்பிப் பார்த்தால் கலா. கமராவைக் கரையில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த சால்வையை உருவி என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"உமக்கு நெஞ்சு..."

"பேசாமல் கட்டுங்கோ மச்சாள்."

அவளை இழுக்க விடவில்லை. குட்டியின் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கச் சொன்னேன். அவள் காவோலையில் முழங்காலிட்டு, அந்தச் சேற்றுத் தலையைத் தன் மடியில் வைத்து, மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அருளப்பு அண்ணையும் இழுத்தோம். கையால் கால்களைச் சுற்றித் தோண்டுவது, பிறகு இழுப்பது, பிறகு மூச்சு வாங்குவது. ஒருமுறை கயிறு வழுக்கி இருவரும் பின்பக்கமாக விழுந்தோம். அவர் "மாதாவே" என்றார், நான் "அம்மாளாச்சி" என்றேன். சேற்றின் பிடி எப்போது விட்டது என்று தெரியாது. திடீரென்று சேறு ஒரு சத்தத்தோடு வாயைத் திறந்தது, குட்டி காவோலைமேல் சறுக்கி வந்தது.

கரையில் அது எழும்பவில்லை. போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி நக்கக் கொடுத்தோம். கால்களைத் தேய்த்துவிட்டோம். பெண்குதிரை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றால் அது வராது என்று அருளப்பு அண்ணை சொல்ல, தரவையின் ஓரத்தில் இடிந்து கிடந்த கல்வேலி ஒன்றின் பின்னால் போய் இருந்தோம். மூவரும் தலை முதல் கால் வரை சேறு.

அப்போதுதான் கலா கேட்டாள், குட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்:

"அண்ணாவை ஆர் தூக்கினது மச்சாள்?"

எனக்கு உடனே விளங்கியது. சொன்னேன். காலையில் கிணற்றடியில் விழுந்ததை, நான் கத்தியதை, பக்கத்து வளவு மரியநாயகமும் அவர் மனைவியும் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்ததை. ஓட்டோ வரும்வரை பொறுக்காமல் இருவருமாக அவரை வாசல் வரை சுமந்ததை.

"தனியக் கிடக்கேல்லையோ?"

"ஒரு கணமும் இல்லை. ஓட்டோவிலை தலை என்ரை மடியிலைதான் இருந்தது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைக்கும் கதைச்சவர். உமக்கு ஒப்பரேசன் முடிஞ்சிட்டுதோ எண்டு கேட்டவர்."

அவள் அழுதாள். ஒரு வருடமாக அடக்கியிருந்த அழுகை. நானும் அழுதேன். அருளப்பு அண்ணை எழுந்து கொஞ்சத் தூரம் போய் ஓட்டோவைத் துடைப்பதுபோல நின்றார்.

"பிள்ளையள், பாருங்கோ!" என்று அவர்தான் கூப்பிட்டார்.

குட்டி எழுந்து நின்றிருந்தது. நாலு காலும் நாலு திசைக்குப் போக, விழுந்து, மறுபடி எழும்பியது. பெண்குதிரை வந்து முகர்ந்தது. எங்கள் வாடையையும் சேர்த்துத்தான் முகர்ந்திருக்கும். பிறகு கழுத்திலிருந்து சேற்றை நக்கத் தொடங்கியது. குட்டி மடியைத் தேடி முட்டியது. கலா கையைப் பாவாடையில் துடைத்து, கமராவை எடுத்து, ஒரேயொரு படம் எடுத்தாள். லென்ஸில் சேறு பட்டிருந்ததால் அந்தப் படத்தின் ஒரு மூலை மங்கலாக இருக்கிறது.

அருளப்பு அண்ணையின் வீட்டுக் கிணற்றில் கழுவி, அவர் மனைவி தந்த சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, பின்னேர வள்ளத்துக்கு ஓடினோம். பேசிய காசுக்கு மேலே ஒரு சதமும் வாங்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். "பவுசர் இப்ப அந்தப் பக்கம்தான் போய் நிக்குது. நாளைக்கும் போய்ப் பாப்பன்," என்றார். போய்ப் பார்த்தும் இருக்கிறார். குட்டி மந்தையோடு நிற்பதாகத் தொலைபேசியில் சொன்னார்.

திரும்பும் வழியில் எனக்குக் கடல் ஆடியதாக நினைவில்லை. கலா என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். கலியாணமாகி வந்து இருபத்தெட்டு வருடமாக அடுத்த தீவில் இருந்துகொண்டு நான் போகாத இடத்துக்கு அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். அந்த நன்றியை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை கலா குளித்து, சேலை கட்டி, மரியநாயகம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கடலுக்குப் போய் வந்து வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர், இவள் கையெடுத்துக் கும்பிட்டதும் பதறிப்போனார். மனைவி கதிரையை இழுத்துப் போட்டார். கலா மரியநாயகத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த மனிதர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அவர் பாரமே இல்லைப் பிள்ளை."