வேண்டாம் என்று எழுதிய பதில்கள்

ஹட்டனில் ஓர் இன்டர்நெட் கடையில்தான் எனக்கு முதல் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கடிதம் வருவதே அபூர்வம். வந்தால் பதில் போடாமல் இருக்கமாட்டோம். அந்தப் பழக்கத்தில், கடிகாரமும் மாத்திரையும் விற்க வந்த மடல்களுக்கெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் ‘வேண்டாம், நன்றி’ என்று எழுதினேன். பத்து மடல் நூறாகப் பெருகியது.

கடையை நடத்திய பெண் எட்டிப் பார்த்தார். “டீச்சர், லயத்துக்குத் துணி விக்க வர்றவன், வேணாம்னு பதில் சொல்ற வீட்டு வாசல்லதான் மூட்டைய அவுப்பான். பூட்டுன வீட்டத் தாண்டிப் போயிருவான். பதில் போடாதீங்க, உள்ள எதையும் அமுக்காதீங்க. அழிச்சிருங்க.”

இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன், ஒருமுறைகூட ஏமாறவில்லை. முகம் தெரியாத வியாபாரிகளுக்கெல்லாம் நன்றி எழுதிய நான், அன்று வெட்கத்தில் அவருக்கு மட்டும் அதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.