பால் சட்டியில் மெஷின் எண்ணெய்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரோடு போட்டதைவிட அவருடைய காற்றடிக்கும் மெஷினோடுதான் நான் அதிகம் சண்டை போட்டேன். மலைமேலிருக்கும் எங்கள் மடுல்கெல்லைக் கடைவீதிக்குக் காரும் லாரியும் வரத் தொடங்கிய காலம். டயருக்குக் காற்றடிக்க, வீட்டை ஒட்டிய எங்கள் கராஜில் அதை வாங்கிப் போட்டிருந்தார். குளிரில் அதன் எண்ணெய் இறுகிவிடும், மெஷின் சுற்றாது. உடனே எண்ணெயை வடித்து, என் பால் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிடுவார். குடிக்கிற தேநீரெல்லாம் அந்த நாற்றம்!

ஒரு பனிக் காலையில் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "இன்னைக்குப் பால்தான் காயும். ஒங்க மெஷினு கெடக்கட்டும்!"

பால் பொங்கும் நேரத்தில் தேயிலைத் தோட்டத்து லாரி ஒன்று பஞ்சராகி வந்து நின்றது. வலிப்பு வந்த பிள்ளையை மடியில் கிடத்தியபடி உள்ளே ஒரு தாய். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். இவர் பஞ்சரை ஒட்டி முடித்தார், மெஷின் அசையவில்லை. அப்போதும் இவர் என்னிடம் சட்டியைக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலை முற்றத்தில் கொட்டிவிட்டு, "எங்க அந்த எண்ணெய்? கொண்டாங்க!" என்று கத்தினேன்.

எண்ணெய் காய்ந்து, மெஷின் சுற்றி, லாரி புறப்பட்ட பின் இவர் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார்.

"வைங்க. அது இனி ஒங்க மெஷினுக்கே. எனக்குப் புதுசு வாங்கிட்டு வாங்க."

பிள்ளை பிழைத்தது. புதுச் சட்டியும் வந்தது. ஆனாலும் குளிர்காலையில் என் அடுப்பில் முதலில் ஏறுவது பழைய சட்டிதான். ஏற்றுவது நான்தான், திட்டிக்கொண்டே.