டீச்சருடைய ஆர்கனும் என் வலது காதும்

மழைக்காலம் முடிந்த கையோடு அடுத்த தெரு டீச்சரின் ஆர்கன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவருடைய அண்ணன் பல வருஷங்களுக்கு முன் பிரான்சிலிருந்து கப்பலில் அனுப்பியது. கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், காலுக்கு ஒரு வரிசை, பீரோ கனம். நாலு பேர் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினார்கள். டீச்சர் பிரெஞ்சு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாலையில் அவர் வாசிக்கும் மாதா கோயில் பாட்டு எங்கள் தெருவரை கேட்கும். மூன்று மாதமாக ஆர்கன் பழுதாகி அந்தச் சத்தம் இல்லை.

"உங்களால ஆகலைன்னா வேற யாராலயும் ஆகாது பாய்," என்றார்.

எனக்கும் அந்த நினைப்புதான். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். புயல் இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய மோர்ஸ் ஒலியைப் பிரித்தெடுத்துப் பிழைத்த காது இது.

பின்பலகையைக் கழற்றினேன். எலி மூத்திர நாற்றம். கடற்காற்று பட்டு உள்ளே செம்புக் கம்பிகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஒரு மாதம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், உப்பிப்போன கண்டன்சர்களை மாற்றினேன். முதல் தடவை சுவிட்ச் போட்டபோது, கட்டையைத் தொடாமலேயே ஒரு சுரம் எழுந்து நிற்காமல் ஒலித்தது. மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"நிப்பாட்டுங்க மச்சான், அடுப்படிப் பாத்திரமெல்லாம் அதிருது."

ஒட்டிக்கிடந்த ஒரு கம்பிதான் காரணம். பிரித்துவிட்டதும் அடங்கியது.

பிறகு சுருதி சேர்க்கும் வேலை. பன்னிரண்டு சுரத்துக்கும் தனித்தனியாக ஒரு திருகு உண்டு. போனில் சரியான சுரத்தை ஒலிக்கவிட்டு இடது காதில் இயர்போன் மாட்டிக்கொள்வேன். வலது காதை ஆர்கன் ஸ்பீக்கர் பக்கம் கொடுத்து, இரண்டும் ஒன்றாகக் கேட்கும்வரை திருகைத் திருப்புவேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் நாலு வரி வாசித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"மேல போகப் போகப் பிசகுதே பாய். உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவில்லை. மறுபடி செய்தேன். அப்போதும் அவர் முகம் சுளித்தது. மூன்றாம் முறை, "பரவால்ல, விடுங்க" என்று எழுந்துவிட்டார். அந்தப் பரவால்லதான் என்னைக் குத்தியது.

அன்று மதியம், ஏதோ தோன்றி, இயர்போனை இடது காதிலிருந்து எடுத்து வலது காதில் மாட்டினேன். போனில் அதே சுரம். காதில் வேறு சுரம். கொஞ்சம் இறங்கி, நசுங்கி, வேறு யாரோ பாடுவதுபோல. மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். வலது காதில் மட்டும்தான் பிசகு. ஆர்கனில் கோளாறே இல்லை.

யாரிடமும் சொல்லாமல் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழும்போது வலப்பக்கம் சாய்ந்தேன். பக்கத்தில் நின்றவர் முழங்கையைப் பிடித்தார். கருக்களாச்சேரிக்கு மீன் வாங்கப் போய், கடலைப் பார்க்க நின்றேன். அலைச் சத்தம் ஒரு பக்கம்தான் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைப் பாங்கு கேட்டது. என்னை மறந்து மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"பள்ளியில இன்னைக்கு ரெண்டு பேரு சேந்து பாங்கு சொல்றாங்களா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஒருத்தர்தானே சொல்றாரு." என் முகத்தையே பார்த்தாள். "என்னத்த மறைக்கிறீங்க மச்சான்?"

சொன்னேன்.

"எத்தன நாளா?"

"பதினெட்டு நாளா."

அவள் கோபப்படவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு, தஞ்சாவூரில் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி எங்கள் மகளுக்குப் போன் செய்தாள்.

ஸ்கேனில் வலது காது நரம்பின்மேல் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. புற்று இல்லை என்றார் டாக்டர். நாங்கள் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"உள்ள மூளைப் பக்கமா வளருது. எடுத்தா அந்தக் காது போயிரும். விட்டா காதோட நிக்காது."

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. போர்வையை எடுத்தேன். சுருதி காட்டும் முள்ளைப் போனில் பார்த்துக்கொண்டு மனைவி உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம்... போதும், நிப்பாட்டுங்க" என்று அவள் சொல்லச் சொல்ல நான் திருகினேன். என் காதை நான் ஒரு இடத்திலும் நம்பவில்லை.

டீச்சர் வந்து ஒரு பாட்டை முழுசாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மனைவி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் அது பிசகாகவே கேட்டது. வலது காதைப் பொத்திக்கொள்ளக் கை போயிற்று. அந்தக் காதுக்கு இனி இன்னொரு பாட்டு கிடையாது என்ற நினைப்பு வந்ததும் கையை இறக்கிவிட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. காது போயிற்று. கட்டியின் ஒரு துளியை முகத்துக்குப் போகும் நரம்போடு விட்டுவைக்க வேண்டியிருந்தது என்றார்கள். அது வளர்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கிறோம். போன வாரம் எடுத்ததற்கு இன்னும் ரிப்போர்ட் எங்கள் கைக்கு வரவில்லை. இந்தத் தடவை டாக்டர் என்னையும் மனைவியையும் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.