கடைசி வரிசைக்காரன்

உயர்பள்ளியில் எனக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெடியன் வந்து இருந்தான். தகப்பனுக்கு ஒஸ்லோவில் ஒரு வருட வேலை. கோடையில் திரும்பிப் போய்ப் பழைய வகுப்பிலேயே சேரவேண்டும். கணக்கு வாத்தியார் பலகையில் எழுதி முடிக்குமுன் இவன் விடையோடு இருப்பான். நான் அவனுடைய விடையோடு இருப்பேன்.

சீனாவில் விடியமுதலே வாசிப்பாம். பள்ளி முடிந்தபிறகும் இருட்டும்வரை அதே மேசையில் படிப்பாம். சனிக்கிழமையும் வகுப்பாம். கேட்க எனக்குக் குலை நடுங்கியது. அந்தப் பிள்ளைகளை நினைத்தல்ல, இது அப்பாவின் காதுக்கு எட்டினால் என் கதி என்ன என்று.

எட்டியது. ஓட்டைவாயன் நானேதான் சாப்பாட்டு நேரம் பகிடியாகச் சொல்லிவிட்டேன்.

"சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா," என்றார் அப்பா. "அவன் படிக்கிற மாதிரி நீயும் பக்கத்தில இருந்து படி."

"அண்டைக்கு எனக்குப் பந்தடி, அப்பா."

"பந்து எங்கையும் ஓடாது."

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் மாடிவீட்டு மேசையில் அவன் சீனப் புத்தகத்தை விரித்தான். பிறகு தலை நிமிரவில்லை. அம்மா பொரித்து வைத்த ரோல்ஸ் அவன் முன்னால் ஆறிப்போனது. என் முன்னால் ஆற விடவில்லை.

அப்பா தெரிந்த நோர்வேஜிய மொழியில் கேட்டார். "அங்கை வகுப்பில நீதான் முதலாம் பிள்ளையோ?"

"இல்லை. புள்ளிப்படிதான் இருத்துவார்கள். நான் கடைசி வரிசை." பேனையை விடாமலே சொன்னான். "மற்றவர்கள் அங்கே இந்தப் புத்தகத்தை முடித்துவிட்டார்கள். நான் பாதிகூட இல்லை. இனி அந்த வரிசையிலும் இடம் கிடைக்காது."

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்திலும் பயத்தை அன்றுதான் கண்டேன்.

"எட, இவன் கடைசி வரிசையெண்டா நீ எங்கையடா இருப்பாய்?"

"வாசலில, அப்பா. சைக்கிளுகளுக்குக் காவல்."

அவர் சிரிக்கவில்லை. அவனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பேனை பிடிக்கிற இடம் காய்த்துப்போயிருந்தது.

"புத்தகத்தை மூடிப்போட்டுச் சாப்பிடச் சொல்லு. பிறகு ரெண்டுபேரும் கீழ போய்ப் பந்தடியுங்கோ."

சொன்னேன். பக்கத்துக்குள் ஒரு விரலை வைத்தபடியே புத்தகத்தை மூடி, மற்றக் கையால் சாப்பிட்டான்.

கீழே அவன் கோல் காத்தான். நான் மெதுவாகத்தான் அடித்தேன். வேகமாக அடித்தாலும் என் அடி அப்படித்தான். என்றாலும் உள்ளே போனது. அவன் பந்தைப் பார்க்கவேயில்லை, மேலே எங்கள் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். புத்தகம் அங்கே மேசையில் கிடந்தது.