அம்மாவின் குட்டிக்கரணம்

எங்கள் வீட்டுக்கு ஹெலிகாப்டர் வந்தது அப்பாவின் ஆசையால். அது பறந்தது அம்மாவின் பொறுமையால். நான் அப்போது தொடக்கநிலை ஐந்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நாள் முழுவதும் இரும்புத் தகடுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு எடையில்லாத ஒரு பொருள்மீது ஆசை வந்ததில் வியப்பில்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் ரிமோட் ஹெலிகாப்டரைத் தலைகீழாகப் பறக்கவிட்டுப் புல்லின் நுனியைச் சீவும் காணொளியை அவர் அலுக்காமல் பார்ப்பார். கடைசியில் என் கை நீளத்துக்கு ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை அது எம்பியது, சாய்ந்தது, சுழலும் தன் இறக்கையாலேயே தன் வாலை வெட்டிக்கொண்டு விழுந்தது.

"காத்து ஜாஸ்தி," என்றார் அப்பா.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. ஆனாலும் நானும் அம்மாவும் காற்று ஜாஸ்தி என்று ஒப்புக்கொண்டோம். ஹெலிகாப்டர் செருப்பு அலமாரியின் மேல் போய் உட்கார்ந்தது. அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேருந்து ஓட்டுநர். பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஆசிரியராகவும் தாதியாகவும் வங்கி ஊழியராகவும் இருந்தார்கள். என் அம்மா மட்டும்தான் இரட்டை மாடிப் பேருந்தை நெரிசலான சந்திப்பில் அலட்டிக்கொள்ளாமல் திருப்புவார். பள்ளியில் எனக்கு இருந்த மதிப்பு முழுவதும் அந்தப் பேருந்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளி வாசலைக் கடக்கும்போது அவர் கை காட்டமாட்டார். வண்டி ஓட்டும்போது கை காட்டக்கூடாது என்பார். தலையை மட்டும் லேசாக அசைப்பார். எனக்கு அதுவே போதும்.

ஒரு விடுப்பு நாளில் அம்மா உடைந்த ஹெலிகாப்டரைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பிரித்தார். புது வாலும் புது இறக்கைகளும் வரவழைத்துப் பூட்டினார். எங்கிருந்தும் நன்றாகத் தெரியட்டும் என்று அதன் முன்பக்கத்தை மூடும் தலைக்கூட்டுக்குப் பளிச்சென்ற மஞ்சள் வண்ணம் அடித்தார். பிறகு கணினியில் பழகத் தொடங்கினார். அதற்கென்றே ஒரு விளையாட்டு இருந்தது. ரிமோட்டைக் கணினியில் இணைத்துவிட்டால் திரையில் ஹெலிகாப்டர் பறக்கும். விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்த, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவும் நானும் மாறி மாறிப் பழகினோம். கேட்பதற்கு எளிதாக இருக்கும், கைதான் குழம்பிவிடும். வால் நம் பக்கம் இருக்கும்வரை பிரச்சினையில்லை. முகத்தை நம் பக்கம் திருப்பிவிட்டால் அதன் இடது நமக்கு வலது. தலைகீழாகிவிட்டாலோ, ஏற்றுவதற்குத் தள்ளினால் இறங்கும்.

"கீழ நின்னு பாக்கிறவளா நெனைக்காத," என்றார் அம்மா. "அந்தக் குட்டி சீட்ல நீ உட்காந்திருக்கன்னு நெனச்சுக்க. அப்ப குழப்பம் வராது. பஸ் ரிவர்ஸ் எடுக்கறப்ப நான் அப்படித்தான் செய்வேன்."

அப்படிச் சொன்ன அம்மாவுக்கு முன்னால் திரையில் குட்டிக்கரணம் அடித்தது நான்தான். அம்மாவுக்கு என்னைவிட அதிக மகிழ்ச்சி. அப்பா தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் இருந்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

பொங்கோலில் பறக்கவிட முடியாது. பக்கத்தில் விமானத் தளம் இருக்கிறது. அனுமதி உள்ள திடல் தீவின் மேற்குக் கோடியில் இருந்தது. ஞாயிறு காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவோம். திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் இறங்குவோம். அங்கே தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அப்பா எங்களுக்காகக் காத்திருப்பார்.

திடலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள். பச்சைத் தொப்பி போட்ட ஒரு சீன அங்கிள் எங்களுக்கு நண்பரானார். அம்மா ஹெலிகாப்டரை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்துவதை அவர் ரசித்துப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆணி அடித்ததுபோல் நிற்கும். "வெரி ஸ்டெடி லா, யுவர் மதர்," என்று என்னிடம் சொல்வார், ஏதோ நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்பதுபோல. நான் அதை மறுக்கவில்லை.

நின்ற இடத்திலேயே குட்டிக்கரணம் அடிக்கவும் அம்மா சீக்கிரமே கற்றுக்கொண்டார். மஞ்சள் தலை வானத்தில் ஒருமுறை புரண்டு, ஒன்றும் ஆகாததுபோல் மீண்டும் நிற்கும். அடுத்தது பெரிய வட்டம். ஹெலிகாப்டர் வேகமாக ஓடிவந்து, மேலே ஏறி, மல்லாந்து, மறுபக்கம் இறங்கி, புறப்பட்ட உயரத்துக்கே வரவேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது.

"எங்க போச்சு?" என்றார் அம்மா முதல் தடவை.

அது எங்கும் போகவில்லை. அவருக்கு வலது பக்கத்தில், எல்லாரும் பார்க்கத்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் புல்லில் குத்தி நின்றது.

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். அன்று வானம் மூடிக் கிடந்தது. மறுபடியும், "எங்க போச்சு?" அப்பாவின் காற்றைப் போல அம்மாவுக்கும் ஒரு வெயில் கிடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பச்சைத் தொப்பி அங்கிள், வானத்தில் தொலைப்பது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று ஆறுதல் சொன்னார். அம்மா அவரிடம், "யூ ஆல்சோ? ஸோ க்ளோஸ் ஆல்சோ?" என்று கேட்டார். இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போதா என்று. அங்கிள் சற்று யோசித்துவிட்டு, தூரத்தில் போகும்போது என்றார்.

அதன்பிறகு நான் அம்மாவின் பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கினேன். "ரைட்ல மா. மேல ஏறுது. மல்லாந்துருச்சு. இறங்குது, இறங்குது, நேர் பண்ணுங்க." அம்மா குரலைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்புவார், விரல்கள் அதற்கும் முன்பே நகர்ந்திருக்கும். இப்படிப் பழகிப் பழகி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டம் முழுதாக வந்துவிட்டது. கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. திடலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் துள்ளினேன்.

அம்மா ஹெலிகாப்டரை இறக்கி, மோட்டாரை நிறுத்தினார். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அது சுத்தி வந்தப்ப நீ தலையைத் திருப்புனியா?" என்று கேட்டார்.

"இல்லையே. சும்மா நின்னுட்டே பாத்தேன்."

"முழுசும் தெரிஞ்சுச்சா?"

"ம். ஏம்மா?"

"ஒரு விளையாட்டு விளையாடலாம், வா."

மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியிலிருந்து மாற்றுத் தலைக்கூட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதுவும் மஞ்சள்தான். "நான் நேரா அந்த மரத்தையே பாத்துட்டிருப்பேன். நீ இதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என் முதுகுக்குப் பின்னாலேந்து மெல்லச் சுத்தி வா. கண்ணுல பட்டதும் நில்லுன்னு சொல்றேன்."

நான் வலது பக்கமாகச் சுற்றி வந்தேன். அவர் தோளைத் தாண்டினேன். காதைத் தாண்டினேன். நில்லு என்று வரவில்லை. தூங்கிவிட்டாரா என்று பார்த்தேன். கண் விரிந்துதான் இருந்தது. நான் நாக்கைத் துருத்திக் காட்டினேன், அதற்கும் ஒன்றுமில்லை. கிட்டத்தட்ட அந்த மரத்தையே மறைக்கப்போகும் நேரத்தில்தான், "நில்லு," என்றார்.

இடது பக்கம் கொஞ்சம் முன்னதாகவே சொன்னார். அவ்வளவு முன்னதாக இல்லை.

"இப்ப நீ உக்காரு."

அம்மா சுற்றி வந்தார். என் தோளுக்கு நேராக வருவதற்குள்ளேயே நான் நில்லுங்க என்று கத்திவிட்டேன். நான் ஏமாற்றுவதாக நினைத்தாரோ என்னவோ, இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் நானே ஜெயித்தேன்.

"ஆமா, நீதான் ஜெயிச்ச," என்றார். என் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு பொருள்களைப் பெட்டியில் அடுக்கினார். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரிகள் இன்னும் மிச்சம் இருந்தன. அவற்றைத் தீர்க்காமல் அம்மா திடலைவிட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

தேக்கா உணவு நிலையத்தில் அப்பா காய்கறிப் பைகளோடு உட்கார்ந்திருந்தார். அம்மா தே தாரே என்ற நுரைத் தேநீர் வாங்கப் போனார். என் வெற்றியை நான் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு விளையாட்டு புரியவில்லை. எனவே அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, கையில் ஒரு முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே மேசையைச் சுற்றி நடந்து காட்டினேன். அப்பாவும் சீக்கிரமே நில்லு என்றார்.

"அம்மா எங்க வந்தப்ப சொன்னாங்க தெரியுமா?" நடந்துபோய் அவர் முகத்துக்கு முன்னால் நின்றேன். "இங்க."

"அங்கயா?"

"ஆமா. அப்பதான் நில்லுன்னாங்க."

அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி, தட்டில் கோப்பைகளோடு ஆட்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டார். அன்று பஃபலோ சாலையைக் கடக்கும்போது அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் அம்மா வண்டி எடுக்கவில்லை. பணிமனைக்குப் போய், கண்ணைச் சோதிக்கும்வரை ஓட்டமாட்டேன் என்று தானாகவே சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் ஓட்டி ஒரு சின்ன உரசல்கூட நடந்ததில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த மருத்துவச் சோதனைவரை யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையின் ஓரங்களை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். அது இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஹெலிகாப்டரையும் அம்மா விடவில்லை. நான் பக்கத்தில் நின்று சொல்ல, அவர் அதன்பிறகும் பல வருடம் பறக்கவிட்டார்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கண்ணில் ஏதோ, மருந்து போட்டால் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பேருந்து நிலையத்தில் வண்டிகளின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலக வேலைக்கு மாறப்போகிறார் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு. பள்ளி வாசலில் இனி யார் தலையசைப்பார்கள்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எனக்கு ஒரு வழி தோன்றியது.

மாலை நேரம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஓட்டுநர் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, நீங்க பஸ்ஸே ஓட்டுங்க," என்றேன். "ஸ்கூல் முடிஞ்சதும் நான் வந்து பக்கத்துல நின்னுக்கிறேன். லெஃப்ட்ல வந்தா லெஃப்ட்னு சொல்றேன், ரைட்ல வந்தா ரைட்னு சொல்றேன். ஹெலிகாப்டருக்கு சொல்ற மாதிரிதான். காலையில அப்பா நிக்கட்டும்."

அம்மா சிரித்தார். மடித்துக்கொண்டிருந்த சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். வெகுநேரம் சட்டையை எடுக்கவே இல்லை. நான் சொன்னது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, இன்னும் உரக்க, இன்னொரு முறை சொன்னேன்.

அப்பா சட்டென்று எழுந்து சமையலறைப் பக்கம் போனார். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, அது இப்பதான் காயப்போட்டது," என்றேன். அவர் திரும்பவே இல்லை.