பொறியில் விழுந்த வேறு பூச்சி

பழத்தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் பூச்சியக்கா. பதினெட்டு வருடமாக ஒரே வேலை. ஆப்பிள் மரங்களில் தொங்கும் அறுபது அட்டைப் பொறிகளையும் செவ்வாய்க்கிழமைதோறும் ஏணி வைத்து இறக்கி, ஒட்டுத்தாளில் சிக்கிய, பழத்தைக் கெடுக்கும் அந்துப்பூச்சிகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு பொறியிலும் ஒரு ரப்பர் துண்டு. அதில் பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாக ஏற்றியிருப்பார்கள். ஆண் பூச்சிகள் ஜோடி கிடைத்ததென்று பறந்து வந்து பசையில் மாட்டிக்கொள்ளும். எண்ணிக்கை ஏறினால் மருந்தடிப்பார்கள்.

அந்த வாசனை மனித மூக்குக்கு எட்டாது. ஆனால் அவளுடைய வேலைச் சட்டையில் ஏறிவிடும். துவைத்துக் கொடியில் போட்டாலும் பூச்சிகள் சுற்றும்.

"இத்தனை பேர் உன் பின்னாடி வர்றாங்க. டீ போட்டுத் தர்றது நான் ஒருத்தன்தான்," என்பார் கணவர். முன்பெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது மூட்டுவலி சிரிப்பையும் தின்றுவிட்டது.

அந்தக் கோடையில் எண்ணிக்கை திடீரென்று மும்மடங்கானது. ஊசியால் புரட்டிப் பார்த்தவளுக்குச் சந்தேகம் தட்டியது. நிறம் அதேதான். இறக்கை நுனியில் இருக்கவேண்டிய செம்புப் பொட்டைத்தான் காணோம்.

அதிகாரியிடம் போனாள். "சார், இதுல பாதிக்கு மேல நம்ம பூச்சி இல்ல. வேற ஏதோ இனம்."

அவர் தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. நீங்க எண்ணிக் குடுங்க, போதும்."

"எண்ணிட்டேன் சார். நானூத்திப் பதினொண்ணுல நம்மது நூத்தி முப்பத்தெட்டுதான். அதத்தான் எழுதியிருக்கேன்."

"மொத்தத்தையும் எழுதுங்க."

"எழுத மாட்டேன் சார்."

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே திகைப்பு. வீரமெல்லாம் இல்லை. தப்பென்று தெரிந்ததை எழுதிவிட்டு, அதையும் சுமந்துகொண்டு ஏணி ஏறத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அவர் முகம் கடுத்தது. மொத்தத்தைத் தானே எழுதிக் கையெழுத்திட்டார். அவள் வாயை அடைப்பதற்கென்றே நாற்பது பூச்சிகளைப் பெட்டியில் வைத்து நிபுணருக்கு அனுப்பினார். இரண்டே நாளில் தோட்டம் முழுக்க மருந்தடித்தார்கள். வேலியோரம் தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தன. கூட்டி அள்ளியவளும் அவள்தான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அது வேலிச்செடியின் இலையைத் தின்னும் இனம், பழத்தைத் தொடாது. வாசனை ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்து வருகிறது. இந்தப் பக்கத்தில் அது இருப்பதே இதுவரை யாருக்கும் தெரியாதாம்.

அதிகாரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இனிமே ரெண்டையும் தனித்தனியா எண்ணுங்க," என்று புதுப் படிவத்தை நீட்டினார்.

"ஜெயிச்சிட்டியே!" என்றார் கணவர்.

"ஆமா. வேலைதான் ரெட்டிப்பாச்சு," என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பொறியை இறக்கினாள். நம்முடையது ஒன்று, மற்றது ஒன்பது. இரண்டையும் எழுதிவிட்டு ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தினாள். அந்த வாரம் மருந்தடிக்கவில்லை.